வேருக்கு முன் விளைந்த கல்

யாழ்ப்பாணத்து வீடுகளில் நாள்தோறும் தேநீருக்கு நீர் கொதிக்கும் கேத்தலின் உட்புறத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான வெண்படை ஒன்று விரலில் உறுத்தும். தேசிக்காய்ச் சாற்றை அதன்மேல் விட்டால் சிறு குமிழிகள் எழும். படை மெல்ல மெல்லக் கரையும். "கேத்தலிற் கல் பிடித்துவிட்டது" என்று நம் தாய்மார் சொல்வர். விஞ்ஞான நூல்களைப் புரட்டாமலே அவர்கள் சொல்லும் இச்சொல் முற்றிலும் சரியானது. அது உண்மையிலேயே கல்தான். கல்சியங் காபனேற்று என்று நாம் பாடசாலையிற் கற்பிக்கும் சுண்ணக்கல்.

உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு நான் இக்கேத்தலையே உதாரணமாகக் காட்டுவது வழக்கம். ஒரு மாரிகாலக் காலையிலும் அவ்வாறே பாடத்தைத் தொடங்கினேன். மழைநீர் வளியிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு நிலத்தில் விழுகின்றது. மண்ணுக்குள்ளே மரஞ்செடிகளின் வேர்களும், உக்கும் இலைகளை உண்ணும் நுண்ணுயிர்களும் இடையறாது மூச்சுவிடுகின்றன. ஆதலால் மண்ணின் துளைகளில் உள்ள காற்றிலே காபனீரொட்சைட்டு வெளிவளியிலும் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை மிகுந்திருக்கும். அதைக் கரைத்துக்கொண்ட நீர் மென்மையான அமிலமாகின்றது. கீழேயுள்ள சுண்ணக்கல்லைக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகின்றது. அந்நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறும். கரைந்திருந்த கல் மீண்டும் கல்லாகிக் கேத்தலில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினேன்.

பின்வரிசையில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்தான். "சேர், வேர் விடுகிற மூச்சாலேதான் தண்ணீருக்குக் கல்லைக் கரைக்கிற சக்தி வருகுது என்று சொன்னீர்கள். அப்படியென்றால் உலகத்திலே மரஞ்செடியே இல்லாத காலத்திலே தரையிலே சுண்ணக்கல் உண்டாகவில்லையா?"

"இல்லைத் தம்பி. அக்காலத்துச் சுண்ணக்கல் எல்லாம் கடலிலே உண்டானவை" என்று சட்டென விடை கூறினேன். மணி அடித்தது. அவனும் அமர்ந்துவிட்டான்.

விடை கூறிய வேகத்தில் உறுதி இருந்தது, ஆதாரம் இருக்கவில்லை. அன்றிரவு அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை. பின்னர் சில வாரங்கள் நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்தேன். அவனுக்கு நான் சொன்னது பிழை என்று கண்டேன். அத்தேடலிற் கிடைத்தவற்றை நேயர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கடற்கல்லும் தரைக்கல்லும்

உலகிலுள்ள சுண்ணக்கல்லில் மிகப் பெரும்பங்கு கடலின் கொடை என்பதில் ஐயமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழ்க் கிடக்கும் பாறையும் மயோசீன் காலத்திலே ஆழங்குறைந்த கடலிற் படிந்ததே. கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளை அதனுள் இன்றுங் காணலாம். ஆயினும் கடலை ஒருபோதுங் கண்டிராத சுண்ணக்கற்களும் உள. அவற்றுக்கு நான்கு பிறப்பிடங்கள் உண்டு: ஊற்று, குகை, மண், ஏரி.

உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள திவோலி என்னும் ஊரில் ஊற்றுநீர் படியவைத்த கல்லைப் பண்டைய உரோமர் வெட்டியெடுத்தனர். அவ்வூரின் பழம்பெயரான திபூரிலிருந்தே அக்கல்லுக்குத் திரவர்ற்றைன் என்னும் பெயர் வந்தது. கி. பி. 80 இல் திறந்து வைக்கப்பட்ட கொலோசியம் என்னும் பேரரங்கின் வெளிச்சுவரும் பெருந்தூண்களும் அக்கல்லாலாயவை. துருக்கியிலுள்ள பமுக்கலேயில் வெந்நீரூற்று மலைச்சரிவெங்கும் வெண்படிகளைக் கட்டியிருக்கின்றது. குகைகளின் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் இரண்டாவது வகை. வறண்ட நிலங்களின் மண்ணுக்குள்ளே கட்டிகட்டியாகவும் பாளமாகவும் விளைவது மூன்றாவது வகை. தமிழகத்தார் இதனைச் சுக்கான்கல் என்பர். வட இந்தியர் கங்கர் என்பர். 1902 இல் இலாம்பிளூ என்னும் பிரித்தானியப் புவிச்சரிதவியலார் கல்கிறீற்று என்று பெயரிட்டார். நான்காவது வகை ஏரிகளில் உண்டாவது. துருக்கியின் வான் ஏரியினடியில் நுண்ணுயிர்களின் துணையோடு எழுந்த சுண்ணக்கற்கோபுரங்கள் 40 மீற்றர் உயரம்வரை வளர்ந்துள்ளன.

இந்நான்கிற்கும் அடிப்படை விதி ஒன்றே. வாயு சேரக் கல் நீரிற் கரையும். வாயு நீங்க நீரிலிருந்து கல் பிறக்கும். வாயு நீங்குவதற்குக் காரணம் பலவாகலாம். நீர் சூடாகலாம், திறந்த வெளிக்கு வரலாம், அருவியாய்ச் சிதறலாம், நீர்ப்பாசி தன் உணவுக்காக வாயுவை உறிஞ்சிக்கொள்ளலாம். அன்றி, நீரே ஆவியாகிப் போய்க் கல்சியத்தை மட்டும் விட்டுச் செல்லலாம். இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால், இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு மரமும் வேண்டாம், வேரும் வேண்டாம் என்பது புலனாகும். வகுப்பிலே நான் நின்று சிந்தியாத இடம் இதுவே.

பச்சையில்லாத பூமி

பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. தரைத்தாவரங்களின் மிகப் பழைய அடையாளம் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்ணிய வித்திகள். பூமியின் முழு வரலாற்றையும் நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவில் முடியும் ஒரு நாளாகச் சுருக்கினால், முதற்செடி தரையில் முளைத்தது இரவு ஒன்பதரை மணிக்கு. அதுவரை மலைகள் இருந்தன, மழை பெய்தது, ஆறுகள் ஓடின, புல்லொன்றும் இல்லை.

அந்த வெறுநிலத்தில் மழைநீர் எதனைக்கொண்டு கல்லைக் கரைத்தது? அக்காலத்து வளிமண்டலத்திலே காபனீரொட்சைட்டு இன்றுள்ளதிலும் மிக அதிகமாக இருந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளரின் துணிபு. ஆகவே மழைத்துளி வானிலிருந்து விழும்போதே இக்காலத்து மழையிலும் கூடிய அமிலத்தன்மை உடையதாயிருந்தது. இன்று மண் செய்யும் வேலையின் ஒரு பங்கை அன்று வானமே செய்தது எனலாம்.

அன்றியும், தரை முற்றாக உயிரற்றுக் கிடக்கவுமில்லை. தென்னாபிரிக்காவின் ஸ்காகன் என்னுமிடத்திலே ஏறத்தாழ 260 கோடி ஆண்டுப் பழமையான மண்ணொன்று பாறையாக இறுகிக் கிடக்கின்றது. அதனுள்ளே காபனேற்றும் இருக்கின்றது. உயிரினங்களின் எச்சமெனக் கருதப்படும் காபனும் இருக்கின்றது. மண்ணின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் மெல்லிய பாய்போற் படர்ந்திருந்தன என்று அதனை ஆய்ந்தோர் முடிவு செய்தனர். மேற்கு அவுஸ்திரேலியாவிலே தும்பியானா என்னும் பாறைத்தொகுதியில் 272 கோடி ஆண்டுகளுக்கு முன் நுண்ணுயிர்ப் படைகள் அடுக்கடுக்காகக் கட்டிய சுண்ணக்கற்கள் உள. அவை கடலிலன்றி ஏரியில் உண்டானவை என்று பலர் கருதுகின்றனர்.

மூன்றாவது சான்று அரிசோனாவில் உள்ளது. அங்குள்ள மெஸ்கல் சுண்ணக்கல் கடலிற் படிந்து, பின் தரையாக உயர்ந்து, சுமார் 120 கோடி ஆண்டுகளுக்கு முன் மழையினாற் கரைந்து குழிகளும் பொந்துகளும் பெற்றது. அப்பொந்துகளை நிரப்பிய கற்களினுள்ளே நுண்ணுயிர்களின் உயிர்ச்சுவடுகள் இருப்பதை 1994 இல் ஹொரடிஸ்கி, நோத் என்னும் இருவர் வெளியிட்டனர். வேரே தோன்றாத காலத்திலும் நீர் தரையிலே கல்லைக் கரைத்தது என்பதற்கும், அவ்வேலை நடந்த இடத்தில் உயிர் குடியிருந்தது என்பதற்கும் இது நேர்ச்சான்று.

ஆகவே என் மாணாக்கனின் கேள்விக்குரிய விடை இது: தாவரங்களுக்கு முன்னரும் தரையிலே சுண்ணக்கல் உண்டானது. வெயிலும் ஆவியாதலும் ஊற்றும் ஏரியும் நுண்ணுயிர்ப் பாய்களும் அதனை உண்டாக்கின.

வேர் வந்த பின்

அப்படியாயின் தாவரங்கள் வந்ததால் நிகழ்ந்த மாற்றந்தான் யாது?

ஸ்கொத்துலாந்திலே ரைனி என்றொரு சிற்றூர். 1912 ஆம் ஆண்டளவில் வில்லியம் மக்கி என்னும் மருத்துவர் அவ்வூர்ப் புறத்துக் கற்களிலே பழஞ்செடிகள் உயிரணு உயிரணுவாகப் பேணப்பட்டிருப்பதைக் கண்டார். அவை சுண்ணக்கல் அல்ல. வெந்நீரூற்றுப் படியவைத்த சிலிக்காக்கற்கள். வயது சுமார் 40 கோடியே 70 இலட்சம் ஆண்டு. அச்செடிகள் ஒரு சாண் உயரமே இருக்கும். உண்மையான வேர் அவற்றுட் பலவற்றுக்கு இல்லை. ஆயினும் அவற்றின் உயிரணுக்களுள்ளே பங்கசு இழைகள் குடியிருந்தன. மண்ணிலிருந்து உணவைத் தேடிக் கொடுக்கும் அந்தக் கூட்டுறவு வேருக்கும் முந்தியது என்பது இதனால் விளங்கும்.

அதே காலத்தை ஒட்டி வேல்ஸ் நாட்டிலும் இங்கிலாந்தின் எல்லைப்புறத்திலும் படிந்த பழஞ்செம்மணற்கல்லிலே மண்ணில் விளைந்த சுண்ணக்கட்டிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பின்னர் 38 கோடியே 50 இலட்சம் ஆண்டளவில் மரங்கள் எழுந்தன. நியூயோர்க் மாநிலத்தில் கெய்ரோ என்னும் ஊரருகே அக்காலத்துக் காட்டின் வேர்த்தடங்கள் ஒரு பழைய கற்சுரங்கத்தின் தரையிற் காணப்படுகின்றன. அவற்றுட் சில 11 மீற்றர் வரை நீண்டு படர்ந்தவை. பூமி முதன்முறையாக ஆழத்தோண்டும் கருவியொன்றைப் பெற்றது என்றே கூறவேண்டும்.

வேர் செய்த வேலைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, காபனீரொட்சைட்டை வானத்திலிருந்து மண்ணுக்குள் இறக்கியது. இலை வளியிலிருந்து உறிஞ்சியதை வேரும் உக்கலும் நிலத்தடியில் வெளிவிட்டன. அதனாலே கல் கரையும் இடமும் மேற்பரப்பிலிருந்து ஆழத்துக்கு மாறியது. மண்ணுக்குள் வாயு மிகுந்திருக்க, வெளியே அது குறைந்திருக்க, அந்நீர் குகைக்கோ ஊற்றுக்கோ வந்தவுடன் வாயுவை உதறிவிட்டுக் கல்லைப் படியவைக்கும் வேகமும் கூடியது.

இரண்டாவது, மண்ணைப் பிடித்து வைத்தது. வேரில்லாத காலத்தில் நுண்களி மண்ணிற் பெரும்பகுதியை நீரும் காற்றும் அள்ளிச் சென்றன. தாவரங்கள் தோன்றுவதற்கு முந்திய ஆற்றுப்படிவுகளிற் களிமண் மிக அரிது. பின்வந்தவற்றில் அது பத்து மடங்குக்கு மேல் மிகுந்துள்ளது. ஓரிடத்திற் பல்லாயிரம் ஆண்டு நிலைத்திருக்கும் மண்ணிலேதான் சுக்கான்கல் கட்டியாகத் திரண்டு வளர அவகாசம் உண்டு.

மூன்றாவது, வேர் நீரை உறிஞ்சிக் கல்சியத்தை விட்டுவைத்தது. அதனால் வேரைச் சுற்றிக் கல் உறைபோல் வளர்கின்றது. வேர் உக்கிப் போனபின் அவ்வுறை கற்குழலாக எஞ்சும். பழம் பாறைகளிற் கிளைவிட்டுக் கீழிறங்கும் இக்கற்குழல்களைக் கண்டாற் செடி அங்கே நின்றதென்று அறியலாம். தாவரங்களுக்கு முந்திய கல்லில் இவ்வடிவம் கிடையாது.

கல்லை விளைக்கும் மரமும் ஒன்றுண்டு. மேற்கு ஆபிரிக்காவில் வளரும் இரோக்கோ என்னும் பெருமரம் தன் உடலிற் கல்சியம் ஒட்சலேற்றைச் சேமிக்கின்றது. இலையும் கிளையும் வீழ்ந்து உக்கும்போது பங்கசுகளும் பற்றீரியாக்களும் ஒட்சலேற்றை உண்டு கல்சியங் காபனேற்றை எஞ்சவிடுகின்றன. சுண்ணக்கல்லே இல்லாத அமில மண்ணிலும் அம்மரத்தின் அடியில் மட்டும் சுண்ணக்கல் திரண்டு கிடப்பதை ஐவரி கோஸ்ற், கமரூன் நாடுகளில் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

கல் சொல்லும் சாட்சியம்

வேர்க்குழல் இல்லாத ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு அது தாவரத்தின் துணையோடு பிறந்ததா அன்றா என்று எவ்வாறு கூறுவது? இதற்குக் காபனே சாட்சி சொல்கின்றது.

காபன் அணுக்களில் நூற்றுக்கு 99 பங்கு திணிவெண் 12 உடையவை. எஞ்சியவற்றில் ஏறத்தாழ எல்லாம் 13 உடையவை. இவ்விருவகையையும் சமதானிகள் என்போம். இலை உணவு சமைக்கும்போது பாரங்குறைந்த 12 ஐயே விரும்பி ஏற்கின்றது. ஆதலாற் செடியின் உடலிலும், அது உக்கி வெளிவிடும் வாயுவிலும் 13 இன் பங்கு குறைந்திருக்கும். கடற்சுண்ணக்கல்லை அளவுகோலாகக் கொண்டால், சாதாரண மரங்களில் இக்குறைவு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 26. அம்மரங்களின் கீழ் மண்ணில் விளையும் சுண்ணக்கட்டியிலோ குறைவு ஆயிரத்துக்கு 10 முதல் 12 வரை நிற்கும். தாவரமின்றி வளிமண்டலத்து வாயுவினால் மட்டும் விளைந்த கல்லில் இத்தகைய குறைவு ஏற்படக் காரணமில்லை. மண்ணுக்குள் நுழைந்த வெளிவளியின் அளவும் இக்கணக்கிற் பங்குகொள்வதால், பண்டை வளியில் எவ்வளவு காபனீரொட்சைட்டு இருந்தது என்பதையும் அக்கட்டிகளைக் கொண்டு மதிப்பிடுகின்றனர். முன் கூறிய அரிசோனாப் பாறையின் பழந்தரைப் பரப்பிலும் இலேசான காபனின் சாயல் காணப்பட்டது. வேரில்லாக் காலத்து நுண்ணுயிர்ப் பாய் விட்ட கையொப்பம் அதுவென அதனை ஆய்ந்தோர் கொள்வர்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பழைய சுண்ணக்கல் கரைந்து புதிய சுண்ணக்கல்லாகப் படியும்போது வளியிலுள்ள காபனின் கணக்கில் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. கருங்கல் போன்ற சிலிக்கேற்றுப் பாறைகள் கரைந்து, அவற்றின் கல்சியம் காபனேற்றாக மாறும்போதுதான் வளியின் காபன் கல்லுக்குள் நீண்டகாலம் பூட்டப்படுகின்றது. வேர்கள் அச்சிதைவை விரைவுபடுத்தின. காடுகள் பரவிய பின்னர் வளியிலே காபனீரொட்சைட்டுக் குறைந்தமைக்கு இதனையும், உக்காது புதைந்து நிலக்கரியான மரங்களையும் காரணமாகக் கூறுவர்; எவ்வளவு குறைந்தது என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் விவாதம் உண்டு. அப்பூட்டைத் திறப்பதற்கோ அதிக நேரம் வேண்டியதில்லை. சூளையில் 100 இறாத்தல் தூய சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 இறாத்தல் சுண்ணாம்பு மிஞ்சும். 44 இறாத்தல் காபனீரொட்சைட்டு ஒரே நாளில் வானத்துக்குத் திரும்பிவிடும்.

மீண்டும் வகுப்பறையில்

அடுத்த தவணை தொடங்கிய முதல் நாளே அவ்வகுப்புக்குச் சென்று, "அன்று நான் சொன்னது பிழை" என்று கூறியே பாடத்தைத் தொடங்கினேன். மேலே எழுதியவற்றையெல்லாம் ஒரு மணி நேரம் விளக்கினேன். அந்த மாணாக்கன் குறிப்பெடுக்காமற் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வெங்காயச் செய்கைக்காரரின் மகன். காலையிற் கிணற்றடியில் நீர் பாய்ச்சிவிட்டுப் பாடசாலைக்கு வருபவன். முடிவில் எழுந்து கேட்டான்: "சேர், தோட்டத்துத் தண்ணீர் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகுதென்றால், நாங்கள் போடுகிற உரமும் அந்த வழியாலே போகுந்தானே? அதுவும் கேத்தலிலே படியுமா?"

இம்முறை நான் அவசரப்படவில்லை. எனினும் இக்கேள்விக்கு விடை ஐயமின்றித் தெரிந்ததே. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை மண்ணூடு இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குவதே நமது குடிநீர். கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் அப்பொந்துகளின் வாயில்கள். கல்லிலே வழி அகன்றிருப்பதால் நீர் வடிகட்டப்படாமலே கீழிறங்குகின்றது. பயிர் உண்டு மிஞ்சிய உரத்தின் நைத்திரேற்றும் அதனோடு செல்கின்றது. குடிநீரில் ஒரு இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. செறிவாகப் பயிர் செய்யும் நம் பகுதிகளிற் பல கிணறுகள் அவ்வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனாற் பெருந்தீங்கு அடையக்கூடியவர்கள் கைக்குழந்தைகளே.

"படியாது தம்பி. கொதிக்கவைத்தாற் கல் பிரிந்து கேத்தலிற் தங்கிவிடும். நைத்திரேற்றுப் பிரியாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும்" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். அவனுடைய வீட்டில் ஆறு மாதத் தங்கை ஒருத்தி இருப்பதாகப் பின்னரே அறிந்தேன். கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துச் சென்று பரிசோதிக்கக் கொடுக்கும் வழியைக் கேட்டான், சொன்னேன்.

நேயர்களே, கொதித்தாறிய நீர் எக்குற்றமும் அற்றதென்று நம்பும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கிருமிகளைப் பொறுத்தவரை அது சரி. கேத்தலின் வெண்படையோ நமக்கு வேறொன்றையும் சொல்கின்றது: நாம் நிலத்திலிட்டது எதுவோ, அது வேரையும் மண்ணையும் கல்லையும் கடந்து நம் கோப்பைக்கு வந்து சேரும். கைக்குழந்தை உள்ள வீட்டார் தம் கிணற்று நீரை ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்ளல் நன்று. உரமிடுவோர் பயிர் ஏற்கும் அளவறிந்து, பெருமழைக்கு முன்னே இடாது, பலமுறையாகப் பிரித்து இடுதல் நன்று. வேருக்கு முன்னும் மழை இறங்கிய வழி இதுவே; நாளைக்கும் அது இதே வழியால்தான் இறங்கும்.